மூட்டை கட்டுவதற்கு முன்: பூனை வளர்க்கும் குடும்பத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பூனை வளர்க்கும் அன்பர்களுக்கு,

ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும், வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை உயர்த்திவிட்டார் என்றோ, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாயிற்று என்றோ, உத்தியோக மாற்றம் வந்தது என்றோ, கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீடு ஒருவழியாக முடிந்தது என்றோ, நம் ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்வதை நீங்கள் அறிவீர்கள். அந்த லாரியில் கால் ஒடிந்த நாற்காலியும், ஒருநாளும் அடுப்பேறாத பித்தளை அண்டாவும் இடம் பிடித்துக்கொள்ள, ஏழெட்டு ஆண்டு உங்கள் மடியில் கிடந்து வளர்ந்த பூனை மட்டும் பழைய வீட்டின் மதிற்சுவரிலேயே விடப்படுவதையும் அறிவீர்கள். கேட்டால், "பூனை வீட்டைத்தான் சேரும், ஆளைச் சேராது, கூட்டிக்கொண்டு போனாலும் இங்கேதான் ஓடிவரும்" என்று ஒரு சமாதானம் சொல்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாக நாம் வாய்க்கு வாய் சொல்லிவரும் அந்தச் சமாதானம் சரியன்று என்று உங்களிடம் நேராகச் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

சரியன்று என்பதற்கான சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வேலையிலிருந்து திரும்பி நீங்கள் கழற்றிப் போட்ட சட்டையின்மேல், பக்கத்திலேயே மடித்து வைத்திருக்கும் துவைத்த துவாலையை விட்டுவிட்டு, உங்கள் பூனை போய்ச் சுருண்டுகொள்வதில்லையா? அழுக்குக் கூடையைக் கவிழ்த்து அதனுள் புகுந்து உறங்குவதில்லையா? நீங்கள் எழுந்து சென்ற அடுத்த கணமே உங்கள் தலையணையில், நீங்கள் தலை வைத்த பள்ளத்திலேயே, தன் முகத்தை வைத்து அழுத்துவதில்லையா? இதையெல்லாம் சேட்டை என்று அதட்டுகிறீர்கள். சற்று இரக்கமுள்ளவர்கள், மெத்தென்றும் கதகதப்பாகவும் இருப்பதை நாடிப் போகிறது என்கிறீர்கள். கதகதப்பை அது விரும்புகிறது என்பது மெய்தான். தன் உடற்சூட்டைக் காக்கத் தனியே முயற்சி எடுக்காமல் ஒரு பூனை சுகமாக இருக்க வேண்டுமானால், சுற்றுப்புறம் முப்பது டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்று விலங்கு மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆனால், வாசலில் கிடக்கும் தோல் செருப்பிலும், வியர்வை ஊறிய தலைக்கவசத்தின் வாரிலும், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியிலும் என்ன மென்மை, என்ன கதகதப்பு இருக்கிறது? அங்கெல்லாம் அது மூக்கை வைத்து நெடுநேரம் முகர்ந்து, பிறகு கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போவதற்கு, அந்தப் பொருள்களில் உங்கள் உடம்பின் வாசனை படிந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாசனை அதற்கு ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதை அறிய, அது பிறந்த நாளுக்குப் போக வேண்டும். பூனைக்குட்டி கண் மூடியபடியே பிறக்கிறது. கண் திறக்க ஏழிலிருந்து பதினான்கு நாள் வரையில் ஆகும். காதும் அப்படியே முதலில் அடைபட்டிருந்து மெல்லத் திறக்கிறது. ஒளியும் ஒலியும் இல்லாத அந்த நாட்களில், தாயின் வயிறு எது, பக்கத்தில் கிடப்பது உடன்பிறப்பா அயலா, தவழ்ந்து விலகிவிட்டால் திரும்பிச் சேர வேண்டிய இடம் எது என்பனவற்றை அதற்குச் சொல்லும் முதல் துணை மூக்குதான். அந்த மூக்கின் துணையாலேயே, பிறந்த சில நாட்களுக்குள், ஒவ்வொரு குட்டியும் தாயின் முலைக்காம்புகளுள் ஒன்றைத் தனக்கென்று வரித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் அதையே தேடிச் சேர்கிறது. வளர்ந்த பூனை உங்கள் பழம்புடவையை இரண்டு முன்கால்களாலும் மாறி மாறி அழுத்தும்போது, 'மாவு பிசைகிறது' என்று நாம் சிரிக்கிறோமே, அது பால் சுரப்பதற்காகத் தாயின் மடியை அழுத்திய அதே செய்கைதான். அதை அது எல்லாத் துணியிலும் செய்வதில்லை என்பதையும், உங்கள் உடம்பில் பட்ட துணியிலேயே பெரும்பாலும் செய்கிறது என்பதையும் கவனித்துப் பாருங்கள். குட்டிப் பருவத்தில், ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையில், மனிதர் கை பட்டுப் பழகிய பூனைகளே பின்னாளில் மனிதரை நாடி வருகின்றன என்பதை 1980-களில் அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்து ஐலீன் கார்ஷ் என்ற அம்மையார் ஆராய்ந்து வெளியிட்டார். அந்தப் பருவத்தில் அதைத் தூக்கி வளர்த்தவர் நீங்களாக இருந்தால், தாயின் மணம் இருந்த இடத்தில் உங்கள் மணமும் சேர்ந்து குடியேறிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

பூனையின் நாசி எத்தகைய கருவி என்பதையும் சிறிது கேளுங்கள். நம் மூக்கினுள் மணத்தை உணரும் மெல்லிய சவ்வு ஒரு சில சதுர சென்டிமீட்டர் பரப்புத்தான். நம் தலையில் ஒரு சிறு பங்கே உள்ள பூனையின் தலைக்குள் அது சுமார் இருபது சதுர சென்டிமீட்டர் அளவுக்குச் சுருண்டு மடிந்து கிடக்கிறது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2023-ல் பூனையின் நாசித் துவாரங்களைக் கணிப்பொறியில் உருவாக்கி, அவற்றின் வழியே காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள். உள்ளே போகும் காற்று இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு நுரையீரலுக்காகச் சூடும் ஈரமும் ஏற்றிக்கொண்டு நிதானமாகச் செல்ல, மற்றொரு பங்கு மணம் உணரும் பகுதிக்கு விரைந்து சென்று, அங்குள்ள சுருள் வழிகளில் பங்கிடப்படுவதைக் கண்டார்கள். அதே அளவுள்ள தலையில் நேரான ஒரு குழாய் இருந்தால் எவ்வளவு மணம் பிடிபடுமோ, அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இந்தச் சுருள் அமைப்பில் பிடிபடுகிறது என்பது அவர்களுடைய கணக்கு. இது போதாதென்று, மேல்வாய்ப் பற்களுக்குப் பின்னே அண்ணத்தில் இரண்டு நுண்துளைகள் இருக்கின்றன. அவை, டென்மார்க் தேசத்து உடற்கூற்றறிஞர் லுட்விக் ஜேகப்சன் 1813-ல் விவரித்து எழுதியதும் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குவதுமான வேறோர் உறுப்புக்குக் கொண்டு செல்கின்றன. உங்கள் காலுறையை முகர்ந்துவிட்டு உங்கள் பூனை வாயைச் சிறிது திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, முகத்தைச் சுளித்தபடி அப்படியே நிற்கும்போது, அருவருக்கிறது என்று எண்ணி நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த மணத்தை இரண்டாவது உறுப்புக்கு ஏற்றி ஆற அமர ஆராய்கிறது, அவ்வளவே.

இனி, அது உங்கள் காலில் உரசுகிறதே, அதற்கு வருவோம். பூனைக்குக் கன்னத்திலும், மோவாயிலும், வாயோரத்திலும், காதுக்கும் கண்ணுக்கும் நடுவிலும், வாலின் அடியிலும், பாதங்களின் இடுக்கிலும் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. கன்னத்துச் சுரப்பை 1990-களில் பிரான்சு நாட்டு விலங்கு மருத்துவர் பாத்ரிக் பாழே ஐந்து கூறுகளாகப் பகுத்தார். அவற்றுள் ஒன்றை, மணியக்காரர் எல்லைக்கல் நடுவதுபோல, நாற்காலிக் காலிலும் நிலைப்படியிலும் பூசிவைத்து அது தன் வாழிடத்தைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது என்றும், வேறொன்றைத் தனக்கு நெருங்கிய பூனைகளின் மேலும் மனிதரின் மேலும் பூசுகிறது என்றும் கண்டார். சேர்ந்து வாழும் பூனைக் கூட்டங்களில் ஒன்றோடொன்று உரசி உரசி, எந்த ஒரு பூனைக்கும் தனியே உரியதல்லாத, எல்லோருடைய மணமும் கலந்த ஒரு பொது மணம் உண்டாகிறது; அந்த மணம் உள்ளது உறவு, இல்லாதது பகை. மாலையில் நீங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும், பேருந்துக் கூட்டத்திலும் அலுவலகத்திலும் தேநீர்க் கடையிலும் ஊரார் மணமெல்லாம் ஏறி வந்த உங்கள் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்து அது கன்னம் தேய்ப்பது, பாலுக்காகச் செய்யும் முகத்துதி மட்டுமன்று. தேய்ந்துபோன குடும்ப மணத்தை உங்கள்மீது மறுபடியும் ஏற்றுகிறது. உங்கள் பழந்துணியில் அது படுப்பதும் இதன் மறுபுறமே. தன் மணத்தை உங்கள்மேல் வைக்கிறது. உங்கள் மணத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது.

அந்த உங்கள் மணம் எப்படிப் பிறக்கிறது என்றால், வேர்வை சுரந்த உடனே நாறுவதில்லை; தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகே மணம் பிறக்கிறது; அந்த நுண்ணுயிர்க் கூட்டமும் சுரப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே சோப்பைத் தேய்த்து ஒரே சாம்பாரைச் சாப்பிடும் வீட்டிலும் கணவர் மணம் வேறு, மனைவி மணம் வேறு. இந்த வேற்றுமை பூனைக்குப் புலப்படுகிறதா என்பதைத் தோக்கியோ விவசாயப் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2025-ல் வெளியிட்டார்கள். வளர்ப்பவரின் அக்குளிலும், காதின் பின்னும், கால்விரல் இடுக்கிலும் பஞ்சால் துடைத்தெடுத்து ஒரு குழாயில் வைத்தார்கள். அவ்வாறே முன்பின் அறியாத ஒருவரின் மணத்தை இன்னொரு குழாயில் வைத்தார்கள். மூன்றாவது குழாயில் எந்த மணமும் இல்லை. சோதனைக்கு உட்பட்ட முப்பது பூனைகளும் பொதுவில் அயலாரின் மணத்தையே அதிக நேரம் முகர்ந்தன. புதிய மணத்தை முதலில் வலப்பக்க நாசியால் முகர்ந்து, பழக்கமானபின் இடப்பக்கத்துக்கு மாறின. இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, சொந்தக்காரர் மேல் அதற்கு நாட்டமே இல்லை" என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். வீட்டு மனிதர் உள்ளே வந்தால் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடரும் நாமே, அந்நியர் வந்தால் அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று ஏற இறங்கப் பார்ப்பதில்லையா? ஐயமற அறிந்த மணத்தில் ஆராய என்ன இருக்கிறது?

நான் வக்கீல் வாதம் செய்வதாக நீங்கள் நினைத்துவிடலாகாது என்பதற்காக, என் கட்சிக்கு அனுகூலமில்லாத ஒரு விஷயத்தையும் கூறிவிடுகிறேன். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பழக்கமில்லாத அறையில் உடையவரின் மணம் படிந்த பொருளை மட்டும் பூனையோடு வைத்துவிட்டுப் போனபோது, உடையவரே உடனிருந்தபோது அதனிடம் கண்ட ஆறுதலைக் காணவில்லை. ஆகவே, உங்கள் சட்டையை விட்டுச் சென்றால் உங்களையே விட்டுச் சென்றதாகும் என்று நான் கூறவில்லை. ஆனால் அந்த முடிவை ஊன்றிப் பாருங்கள்: அது தேடியது சட்டையை அன்று, உங்களை! அதே பல்கலைக்கழகத்தார் 2017-ல், உணவு, விளையாட்டுப் பொருள், வாசனைப் பொருள், மனிதர் சகவாசம் ஆகிய நான்கையும் பூனைகளின் முன் வைத்து விருப்பம்போல் தேர்ந்துகொள்ள விட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பூனைகள் மனிதரையே தேர்ந்தன. உணவு இரண்டாம் இடத்தில்தான் வந்தது. 2019-ல், அந்நிய அறையில் குட்டிகளைச் சிறிது நேரம் தனியே விட்டு, உடையவர் திரும்பியதும் அவை என்ன செய்கின்றன என்று பார்த்ததில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குட்டிகள் அவரை அண்டி மனம் தேறி, மறுபடியும் அறையைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கின. 'சோறு போடுகிறவரைத்தான் சேரும்' என்ற வழக்கமான ஏளனத்துக்கு இதற்குமேல் பதில் வேண்டியதில்லை.

பூனை வீட்டைச் சேருமா, ஆளைச் சேருமா என்று நாம் கேட்கும் கேள்வியே பிழையானது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். சுவரும் கூரையும் வீடு என்பது நம் கணக்கு. பூனையின் கணக்கில், தன் கன்னமும் உங்கள் கையும் பட்டுப் பட்டு மணமேறிய இடமே வீடு. அதில் நீங்களும் ஓர் அங்கம், நாற்காலியும் ஓர் அங்கம், சமையலறைப் புகையும் ஓர் அங்கம். புதிய வீட்டில் அதைக் கொண்டு போய் விட்டவுடன் பழைய வீட்டுக்கு அது ஓடிவந்துவிடுவது, உங்களைவிடச் செங்கல்லை அது நேசிப்பதனால் அன்று. சுண்ணாம்பும் வர்ணமும் புதுக் கதவின் மெருகெண்ணெயும் நெடியடிக்கும் இடத்தில், தன்னுடையது என்று அடையாளம் கொள்ள ஒன்றுமே இல்லாமல், உங்களையும் அந்தச் சந்தடியில் காணாமல், தான் கடைசியாக உங்கள் மணத்தை அறிந்த இடத்துக்கு அது திரும்புகிறது. அங்கே போய்ப் பூட்டிய கதவின்முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதையே உங்கள் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது நியாயமாகுமா?

வீடு மாறாதவர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சுத்தம் என்ற பெயரால் நாம் நாற்றத்தை நீக்குவதோடு நிற்பதில்லை. அதைவிடக் கடுமையான நாற்றத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். காலையும் மாலையும் பினாயில், அலமாரியில் அந்துருண்டை, மேசையில் மணமூட்டும் எண்ணெய், படுக்கப் போகுமுன் நெற்றியிலும் மூக்கிலும் தைலம். பூனை அன்று உங்கள் அருகில் வராததற்கு அதன் கர்வம் காரணமன்று. அது விலகிப் போவதைவிடப் பெரிய ஆபத்தும் இதில் இருக்கிறது: பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களை உடலிலிருந்து கழிப்பதற்கு நம் ஈரல் செய்யும் ஒரு வேலையைப் பூனையின் ஈரல் போதுமான அளவு செய்ய இயலாது, தரையில் நடந்து, பாதத்தை நக்கி, அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அது உட்கொள்கிறது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு உயிரைப் போக்கும் நஞ்சாவதும் அதே குறையினாலேதான். வெந்நீரும் சாதாரண சோப்புத் தூளும் நம் தரைக்குப் போதும். மணம் வேண்டுமென்றால், தோட்டத்து மூலையில் தானாக முளைக்கும் குப்பைமேனியைப் பிடுங்கி வேரோடு போட்டுப் பாருங்கள். பூனைவணங்கி என்று அதற்கு நம்மவர் பெயர் வைத்தது வீணாக அல்ல என்பதைப் பூனையே உருண்டு புரண்டு காட்டும்.

இரண்டு பூனைகள் வளர்ப்போர் இன்னொன்றையும் கண்டிருப்பீர்கள். ஒன்றை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று திரும்பினால், காலை வரையில் ஒரே தட்டில் தின்ற மற்றொன்று அதைப் பார்த்துச் சீறும். சில வேளை கடித்துக் குதறும். கண்ணுக்கு அது அதே பூனைதான். மூக்குக்கோ மருந்தும் பஞ்சும் அயல் நாய்களின் வாசனையும் சுமந்து வந்த அந்நியன். வந்த பூனையை ஓர் இரவு தனி அறையில் வைத்து, பழைய விரிப்பை அதன்மேல் போர்த்திவிட்டுப் பிறகு சேர்த்தீர்களானால், பெரும்பாலும் சண்டை இல்லை. ஒரு துணிக்கு உள்ள வலிமை அது.

துக்கம் நேர்ந்த வீடுகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுப் பெரியவர் காலமானதும், அவர் படுத்த பாயையும் உடுத்த துணியையும் ஓரிரு நாட்களுக்குள் அகற்றிவிடுவது நம் வழக்கம். அதற்குரிய காரணங்கள் உங்களுக்கு இருக்கலாம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆயினும், அவர் மடியிலேயே வளர்ந்த பூனைக்கு அந்த மரணத்தை அறிவிப்பார் யாருமில்லை. ஆள் மறைந்த அன்றே ஆளின் மணத்தையும் மறைத்துவிட்டால், அது அறை அறையாகச் சுற்றிக் கத்துவதைக் கேட்டு நீங்கள்தாம் மேலும் கலங்குவீர்கள். அவருடைய துண்டு ஒன்றை, துவைக்காமல், அவர் சாய்ந்திருந்த நாற்காலியில் சில வாரங்கள் விட்டுவைத்தால் எந்தச் சாஸ்திரமும் கெட்டுவிடாது.

இனி என் வேண்டுகோளின் மையத்துக்கு வருகிறேன். மத்தியதரைக் கடலில் உள்ள சைப்ரஸ் தீவில், ஷில்லுரோகாம்போஸ் என்ற இடத்தில், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரும், அவருக்கு ஒரு முழத்துக்கும் குறைந்த தூரத்தில் ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் கண்டு 2004-ல் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனம் இருந்ததில்லை. ஆகையால், பிரதான நிலத்திலிருந்து அங்கே குடியேறப் புறப்பட்ட மக்கள், விதைத் தானியத்தோடும் ஆடுமாடுகளோடும் பூனையையும் படகில் ஏற்றிக்கொண்டே கடல் கடந்திருக்க வேண்டும். துடுப்பு வலித்துச் சென்ற அவர்களுக்கு இருந்த மனம், அரை மணி நேரத்தில் அடுத்த பேட்டைக்குப் போகும் நமக்கு இல்லாமற்போனது எதனால்? சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டு வருவதும், சந்தையில் இறக்கிவிட்டு ஓடி வருவதும், 'மீன் கடை பக்கம்தானே, பிழைத்துக்கொள்ளும்' என்று நெஞ்சைத் தேற்றிக்கொள்வதும் நாகரிகமன்று. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராம் பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களை அச்சுறுத்த நான் எழுதவில்லை. அறியாமையால் நடப்பதே இதில் பெரும்பகுதி என்பதும், வழி தெரிந்தால் நீங்கள் செய்வீர்கள் என்பதும் என் நம்பிக்கை.

வழி மிக எளியது. சாமான் கட்டத் தொடங்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பிருந்தே, பூனை படுக்கும் விரிப்பையும், உங்கள் தலையணை உறை ஒன்றையும், உடுத்திக் களைந்த மேல்சட்டை ஒன்றையும் சலவைக்குப் போடாதீர்கள்; சலவைக்காரரோ இயந்திரமோ தப்பித் தவறி எடுத்துவிடாதபடி தனியே கட்டி வையுங்கள். கதவுள்ள கூடை ஒன்றை முன்கூட்டியே வாங்கி, அந்த விரிப்பை உள்ளே இட்டுத் திறந்தபடி கூடத்தில் வைத்தால், புறப்படும் நாளில் பூனையைத் துரத்திப் பிடிக்க வேண்டியிராது. புது வீட்டில் பால் காய்ச்சும் அன்றும் கணபதி ஹோமம் நடக்கும் அன்றும் அதைக் கொண்டு போக வேண்டாம். ஹோமப் புகையும் விருந்தாளிகளின் சந்தடியும் அடங்கிய மறுநாள் கொண்டு செல்லுங்கள். போனதும் வீடு முழுவதையும் அதற்குத் திறந்துவிடாமல், ஒரே ஓர் அறையில் அதன் தட்டையும் மண் தொட்டியையும் பழைய விரிப்பையும் வைத்து, உங்களில் ஒருவர் அன்றிரவு அந்த அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். சட்டையால் பூனையின் கன்னத்தை மெல்லத் துடைத்து, அதே துணியால் புது வீட்டின் கதவோரங்களையும் நாற்காலிக் கால்களையும் பூனையின் உயரத்தில் தடவி வைத்தால், அந்நிய இடத்தில் அதற்கு அறிமுகமான ஒன்றாவது இருக்கும். நாலைந்து நாளில் அடுத்த அறையைத் திறக்கலாம். வெளிக்கதவை மட்டும் மூன்று நான்கு வாரம் திறக்காதீர்கள். அதுவரையில் பினாயிலையும் மறந்துவிடுங்கள்.

கடைசியாக, இந்தப் பருவத்தில் ஏற்கெனவே வீடு மாறி, பூனையைப் பழைய இடத்தில் விட்டுவந்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. காலம் கடந்துவிட்டது என்று நீங்கள் எண்ண வேண்டாம். அது பெரும்பாலும் அந்தத் தெருவைத் தாண்டிப் போயிருக்காது; பக்கத்து வீட்டு மாடிப்படியின் அடியிலோ, எதிர்வீட்டுக் கார் நிறுத்தத்திலோ இருக்கும். சந்தடி ஓய்ந்த மாலையில், தைலமும் அத்தரும் பூசிக்கொள்ளாமல், அன்று உடுத்திக் களைந்த துணி ஒன்றையும் கூடையையும் எடுத்துக்கொண்டு போய், பழைய வாசற்படியில் அந்தத் துணியை விரித்து உட்கார்ந்து, அழைக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வளர்த்தவரின் குரலை அயலார் குரலினின்றும் பூனை பிரித்தறிகிறது என்பதை ஜப்பானியர் 2013-ல் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். அதற்குக் கோபம் என்று நினைத்து மனம் தளர்ந்துவிடாதீர்கள். துணியை அங்கேயே விட்டுவிட்டு, குடியிருப்பவர்களிடம் அதை எடுத்தெறிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மறுநாளும் அதே நேரத்தில் போங்கள்.

இங்ஙனம்,
உங்களைப் போலவே பூனை வளர்க்கும் ஒருவன்